ஆங்கிலத்தில் ஜோக் சொல்வது இருக்கட்டும், முதலில் ஜோக்கைப் பற்றிப் பேசுவோம்

ஆங்கிலத்தில் மெயில் எழுதத் தெரியும், மீட்டிங்கில் பேசத் தெரியும், இன்டர்வியூவில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லவும் தெரியும். ஆனால் கூட இருப்பவர்கள் ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தால் மட்டும், புரிந்த மாதிரி நாமும் பல்லைக் காட்டிவிட்டு, பேச்சு எப்போது மாறும் என்று காத்திருப்போம். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போனவர்களுக்கும், சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்தபடி லண்டன்காரரோடும் டெக்சாஸ்காரரோடும் தினமும் கால் பேசுகிறவர்களுக்கும் இது நன்றாகவே தெரிந்த அவஸ்தை.

இதற்காக ஆங்கில ஜோக் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஜோக் சொல்வது கடைசி வேலை. அதற்கு முன்னால், புரியவில்லை என்று கூச்சப்படாமல் சொல்லத் தெரிய வேண்டும், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லத் தெரிய வேண்டும், இது எந்த மாதிரிச் சிரிப்பு என்று அடையாளம் காட்டத் தெரிய வேண்டும், இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும். இவ்வளவும் கைவசம் இருந்தால் ஒரு ஜோக்கும் சொல்லாமலே கூட்டத்தில் ஒருவராக உட்காரலாம். கீழே உள்ளதும் அந்த வரிசைதான்.

முதல் படி: ஃபன் வேறு, ஃபன்னி வேறு

'தி ட்ரிப் வாஸ் வெரி ஃபன்னி' என்று நம் ஆட்கள் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். ஊட்டிக்குப் போய் ஜாலியாக இருந்துவிட்டு வந்தோம் என்பதுதான் சொல்ல வந்தது. கேட்பவரோ வழியில் ஏதோ கூத்து நடந்திருக்கிறது போல என்று நினைத்து, 'வொய், வாட் ஹேப்பன்ட்?' என்று ஆவலாக முன்னால் நகர்ந்து உட்காருவார். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஜாலியாக இருந்தது என்றால் 'இட் வாஸ் ஃபன்', சிரிப்பு வந்தது என்றால் 'இட் வாஸ் ஃபன்னி'. அதேபோல 'வீ ஹேட் ஃபன்' என்றால் சந்தோஷமாகப் பொழுது போனது, 'வீ மேட் ஃபன் ஆஃப் ஹிம்' என்றால் அவனைக் கேலி செய்தோம். 'வீ மேட் ஃபன்' என்று பாதியில் நிறுத்தினால், யாரை என்று கேட்பார்கள்.

ஃபன்னிக்கு இன்னொரு முகமும் உண்டு: ஏதோ சரியில்லை என்று சொல்வது. 'தி மில்க் ஸ்மெல்ஸ் ஃபன்னி' என்றால் பாலில் கெட்ட வாடை, 'மை ஸ்டமக் ஃபீல்ஸ் ஃபன்னி' என்றால் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, 'ஃபன்னி பிசினஸ்' என்றால் தில்லுமுல்லு. ஒருவரைப் பற்றி 'ஹீ இஸ் அ பிட் ஃபன்னி' என்று யாராவது சொன்னால் அது பாராட்டா புகாரா என்று இங்கிலீஷ்காரர்களுக்கே சந்தேகம் வரும், அதனால்தான் 'ஃபன்னி ஹாஹா, ஆர் ஃபன்னி பெக்யூலியர்?' என்று திருப்பிக் கேட்கும் வழக்கமே அங்கே இருக்கிறது. சிரிப்பு வருகிற ஆளா, விசித்திரமான ஆளா என்பது கேள்வி. சந்தேகம் வந்தால் நீங்களும் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் காமெடி. 'காமெடி பண்ணாதே' என்பதை 'டோன்ட் டூ காமெடி' என்று மாற்றினால் வேலைக்கு ஆகாது. ஆங்கிலத்தில் காமெடி என்பது பெரும்பாலும் நாடகம், சினிமா, மேடை சார்ந்த வகை. காமெடியன் என்றால் அதைத் தொழிலாகச் செய்கிறவர். ஆபீஸில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற நண்பரை 'ஹீ இஸ் அ காமெடியன்' என்று அறிமுகப்படுத்தினால், எந்த அரங்கத்தில் ஷோ என்று கேட்பார்கள். 'ஹீ இஸ் ஹிலேரியஸ்', 'ஹீ இஸ் சச் எ ஃபன்னி கை' போதும். நம்முடைய 'காமெடி பண்ணாதே'வுக்கு நேரானது 'ஸ்டாப் ஜோக்கிங் அரவுண்ட்'. ஜோக்கர் என்ற சொல்லில் பல நேரம் கொஞ்சம் இளக்காரம் கலந்திருக்கும், அதைப் பாராட்டாக நினைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எழுதும்போது ஒரு சின்ன விஷயம். ஹியூமர் என்ற சொல்லுக்கு பிரிட்டிஷ் எழுத்தில் ஓவுக்குப் பின்னால் ஒரு யு உண்டு, அமெரிக்க எழுத்தில் கிடையாது. ஆனால் ஹியூமரஸ் என்று எழுதும்போது இரண்டு ஊரிலுமே அந்த இடத்தில் யு வராது. பலர் இதில்தான் சறுக்குவார்கள்.

இரண்டாம் படி: புரியவில்லை என்று சொல்வது

இதுதான் உடனடித் தேவை, அதனால் இரண்டாவதாகவே வைத்திருக்கிறேன். ஜோக் புரிவதற்கு ஆங்கிலத்தில் அண்டர்ஸ்டாண்ட் என்று அதிகம் சொல்வதில்லை, 'கெட்' என்றே சொல்வார்கள். 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் ஜோக் எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் நேரம் கழித்துப் புரிந்தால் 'ஓ, ஐ கெட் இட் நவ்'. முழுக்கத் தலைக்கு மேலே போய்விட்டால் 'தட் வென்ட் ரைட் ஓவர் மை ஹெட்'. இந்தக் கடைசி வரி ரொம்ப நல்ல வரி, ஏனென்றால் அதில் உங்களையே நீங்கள் லேசாகக் கிண்டல் செய்துகொள்கிறீர்கள், கேட்டவர் சிரித்துக்கொண்டே விளக்கிவிடுவார்.

எல்லோருக்கும் தெரிந்த பழைய சம்பவத்தைச் சொல்லி அவர்கள் சிரிக்கும்போது உங்களுக்கு மட்டும் தலையும் புரியாது காலும் புரியாது. அது 'இன்சைட் ஜோக்'. 'இஸ் தட் அன் இன்சைட் ஜோக்?' என்று கேட்டால் கதையைச் சொல்வார்கள். சொல்லி முடித்தும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அவர்களே 'யூ ஹேட் டு பீ தேர்' என்பார்கள். நேரில் இருந்திருந்தால்தான் சிரிப்பு வந்திருக்கும், சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று அர்த்தம், உங்களைக் குறை சொல்வதில்லை.

சொல்லெல்லாம் புரிந்தும் பேச்சு புரியாமல் போவதும் நடக்கும். ஒரு காட்சி: வாடிக்கையாளர் முன்னால் டெமோ, பாதியில் ஸ்க்ரீன் உறைந்துபோய், மறுபடி தொடங்கி, மறுபடி உறைந்து, கடைசியில் வாடிக்கையாளர் தரப்பில் எல்லோரும் அழைப்பிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது நம் டீம் மட்டும். மான்செஸ்டரில் இருக்கும் மேனேஜர் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, 'வெல், தட் வென்ட் வெல்' என்கிறார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்கிறான்.

'அக்கா, டெமோ மொத்தமா படுத்துடுச்சு, இவர் ஏன் நல்லா போச்சுங்கிறார்?'

'நக்கலா சொல்றார்டா தம்பி. திட்டல, அதுவரைக்கும் சந்தோஷப்படு.'

'நான் இப்ப என்ன சொல்லணும்?'

'குட் ஹேவ் கான் வொர்ஸ், இதவிட மோசமா போயிருக்கலாம்னு சொல்லாத, அதெல்லாம் அவர் சொல்ற வரி. சும்மா சிரி, அப்புறம் என்ன பிரச்சினைன்னு பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லு.'

அக்கா சொன்னது சரியான ஆலோசனை. நடந்ததற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்வது சர்காசம், நம் நக்கல். முகத்தில் அதற்கான அடையாளம் இல்லாமல் சொல்வார்கள் என்பதுதான் சிக்கல், ஃபோனில் முகமே தெரியாது என்பதால் இன்னும் சிக்கல். நிஜமாகவே பிடிபடவில்லை என்றால் 'சாரி, ஆர் யூ பீயிங் சர்காஸ்டிக்?' என்று கேட்காதீர்கள், அதில் குற்றம்சாட்டும் தொனி வந்துவிடும். 'ஆர் யூ பீயிங் சீரியஸ்?' என்று சாதாரணமாகக் கேட்டால் அதே பதில் கிடைக்கும்.

மூன்றாம் படி: விளையாட்டா, நிஜமா

விளையாட்டுக்குச் சொன்னேன் என்பதற்கு அமெரிக்காவில் 'ஐம் ஜஸ்ட் கிடிங்', இங்கிலாந்தில் 'ஒன்லி ஜோக்கிங்' அதிகம் காதில் விழும். இரண்டையும் எங்கேயும் சொல்லலாம். 'யூ மஸ்ட் பீ ஜோக்கிங்' என்பதும் 'யூ காட் டு பீ கிடிங் மீ' என்பதும் கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி அல்ல, 'என்னய்யா இது கொடுமை' என்று தலையில் அடித்துக்கொள்வது. ஃப்ளைட் ஆறு மணி நேரம் தாமதம் என்றதும் பக்கத்து சீட்காரர் இதைச் சொன்னால், இல்லை சார், நிஜமாகத்தான் சொல்கிறார்கள் என்று விளக்கம் கொடுக்க வேண்டாம்.

'ஆர் யூ புல்லிங் மை லெக்?' என்பதில் நமக்கு ஒரு வம்பு இருக்கிறது. தமிழில் ஒருவர் காலை வாரிவிட்டார் என்றால் நம்பிக் கெட்டோம் என்று அர்த்தம், பதவி போயிருக்கும், பணம் போயிருக்கும். ஆங்கிலத்தில் காலை இழுப்பது வெறும் விளையாட்டு: இல்லாத ஒன்றைச் சொல்லி நம்ப வைத்துப் பார்ப்பது. நாளைக்கு லீவு என்று ஒருவர் முகத்தை மாற்றாமல் சொல்கிறார், நீங்கள் சந்தேகத்தோடு கேட்கும் கேள்விதான் அது. இதையே இங்கிலாந்தில் 'ஆர் யூ ஹேவிங் மீ ஆன்?' என்றும், 'ஆர் யூ வைண்டிங் மீ அப்?' என்றும் கேட்பார்கள். 'வைண்ட் அப்' கொஞ்சம் கூடுதல், அதில் சீண்டி எரிச்சல் மூட்டுவதும் சேரும்.

'டேக்கிங் தி மிக்கி' என்றால் கலாய்ப்பது, இதுவும் இங்கிலாந்துச் சரக்கு. இதே பொருளில் மிக்கி இருக்கும் இடத்தில் சிறுநீரைக் குறிக்கும் ஒரு சொல்லைப் போட்டும் சொல்வார்கள், நண்பர்களுக்குள் சர்வசாதாரணம், மேலதிகாரியோடு பேசும்போது வேண்டாம். காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள், நாவில் எடுக்க அவசரம் இல்லை. விளையாட்டாகச் சொல்லியும் சொல்லாமலும், உள்ளே ஒரு சிரிப்பை ஒளித்து எழுதிய பேச்சுக்கோ கட்டுரைக்கோ 'டங் இன் சீக்' என்பார்கள். நாக்கைக் கன்னத்துக்குள் முட்டுக்கொடுத்துச் சிரிப்பை அடக்கும் முகத்தை நினைத்துக்கொண்டால் மறக்காது.

எதிர்ப்பக்கமும் தெரிய வேண்டும். விளையாட்டில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றால் 'ஐம் நாட் ஜோக்கிங்', பேச்சுவழக்கில் 'நோ ஜோக்'. சிரிக்கிற விஷயமா இது என்றால் 'இட்ஸ் நோ லாஃபிங் மேட்டர்'.

நான்காம் படி: எப்படிச் சிரித்தீர்கள்

தமிழில் புன்சிரிப்பு, குறுஞ்சிரிப்பு, நமட்டுச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, வெடிச்சிரிப்பு என்று அடுக்குவோம். அங்கே ஒவ்வொன்றுக்கும் தனி வினைச்சொல். 'சக்கிள்' என்றால் சத்தம் அதிகம் இல்லாமல் தனக்குள் சிரிப்பது, பத்திரிகை படிக்கும்போது வரும் சிரிப்பு. 'கிகில்' என்றால் கிளுகிளுவென்று சிரிப்பது, குழந்தைகளுக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் பொருந்தும். 'கஃபா' என்றால் வெடிச்சிரிப்பு. நமட்டுச் சிரிப்புக்கு இங்கிலாந்தில் 'ஸ்னிகர்', அமெரிக்காவில் 'ஸ்னிக்கர்', இரண்டிலும் மரியாதைக் குறைவு இருக்கிறது. 'ஸ்மர்க்' என்றால் சத்தமே இல்லாத இளக்காரப் புன்னகை. அழகாகப் புன்னகைத்தார் என்று சொல்ல அதைப் போட்டுவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வரும்.

அடக்க முடியாமல் சிரித்ததைச் சொல்ல வழிகள் ஏராளம். 'ஐ பர்ஸ்ட் அவுட் லாஃபிங்' என்றால் குபீரென்று சிரித்துவிட்டேன். 'ஷீ க்ராக்ஸ் மீ அப்' என்றால் அவள் வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். 'வீ வேர் இன் ஸ்டிச்சஸ்' என்றால் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. தையலோடு சம்பந்தமில்லை, ஓடும்போது விலாவில் பிடித்துக்கொள்ளும் அந்த வலிக்கும் அங்கே ஸ்டிச் என்றுதான் பெயர். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்திருந்தால் 'ஐ குடின்ட் கீப் அ ஸ்ட்ரெய்ட் ஃபேஸ்'.

சாட்டில் எழுதும் எல்.ஓ.எல்., அதாவது 'லாஃபிங் அவுட் லவுட்', 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது ஒரு சொல்லே அல்ல, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் எமோஜி. இன்றைக்கு எல்.ஓ.எல். போடுகிறவர் சிரிக்கிறார் என்று அர்த்தமே இல்லை, சொன்னது கடுமையாகத் தெரியக் கூடாதே என்று வாக்கியத்தின் முனையை மழுக்கப் போடுகிறார். இளவட்டங்கள் மண்டையோட்டு எமோஜி போட்டு 'ஐம் டெட்' என்றால் சிரித்தே செத்தேன் என்று பொருள், பதறாதீர்கள்.

ஐந்தாம் படி: என்ன வகைச் சிரிப்பு

இங்கேதான் விஷயம் கனமாக இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் 'ட்ரை ஹியூமர்'. உணர்ச்சி காட்டாமல், குரலை உயர்த்தாமல், சிரிக்க வைக்கும் எண்ணமே இல்லாத மாதிரிச் சொல்வது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு செய்தால் 'டெட்பேன்'. பேன் என்பது முகத்தைக் குறிக்கும் பழைய அமெரிக்கக் கொச்சை. மௌனப் படக் காலத்து பஸ்டர் கீட்டனுக்கு 'தி கிரேட் ஸ்டோன் ஃபேஸ்' என்றே பட்டப்பெயர், எது தலையில் விழுந்தாலும் முகம் மாறாது. ட்ரை ஹியூமரின் பெரிய ஆயுதம் 'அண்டர்ஸ்டேட்மென்ட்', அதாவது மலையளவு விஷயத்தைக் கடுகளவாகச் சொல்வது. 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று ஜாவா அருகே கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்துப் பயணிகளிடம், நமக்கு ஒரு 'ஸ்மால் ப்ராப்ளம்', நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, மறுபடி ஓட வைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், நீங்கள் ரொம்பச் சிரமப்படவில்லை என்று நம்புகிறேன் என்ற ரீதியில் அறிவித்தார். இன்ஜின்கள் திரும்ப ஓடி, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது, எல்லோரும் தப்பினார்கள். கேப்டன் ஜோக் அடிப்பதற்காக அப்படிப் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அண்டர்ஸ்டேட்மென்ட் என்றால் என்ன என்று கேட்கும் யாருக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒரு நடைமுறை அறிவு: பிரிட்டிஷ் மேனேஜர் 'வீ ஹேவ் அ பிட் ஆஃப் அன் இஷ்யூ' என்றால் காபியைக் கீழே வைத்துவிட்டு உடனே பாருங்கள். 'நாட் பேட்' என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், மனம் உடைய வேண்டாம்.

அடுத்தது 'செல்ஃப் டெப்ரிகேட்டிங் ஹியூமர்', தன்னையே மட்டம் தட்டிச் சிரிப்பது. 'ஐம் ஹோப்லெஸ் வித் டெக்னாலஜி' என்று ஒருவர் சொன்னால் உடனே ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது, ஐயோ அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஆறுதல் சொல்லவும் வேண்டாம். சிரித்துவிட்டு 'யூ அண்ட் மீ போத்' என்றால் போதும். அவர் கேட்டது கூட்டாளி, ஆறுதல் இல்லை.

'விட்டி' என்றால் சமயோசிதமும் சொல்திறனும் சேர்ந்த புத்திசாலித்தனமான நகைச்சுவை. ஹிலேரியஸ் என்றால் சத்தமாகச் சிரிக்க வைப்பது. இரண்டும் ஒன்றல்ல, விட்டியான ஆள் பேசும்போது யாரும் உருண்டு புரள மாட்டார்கள். 'சட்டையர்' என்றால் நையாண்டி, அதிகாரத்தில் இருப்பவர்களைக் குத்துவது. 'பாரடி' என்றால் ஒன்றைப் போலவே செய்து கேலி பண்ணுவது. சாவு, நோய், பேரிடர் பற்றிய சிரிப்பு 'டார்க் ஹியூமர்'. அந்தத் துன்பத்துக்குள் இருக்கும் ஆளே சிரித்தால் 'கேலோஸ் ஹியூமர்', தூக்குமேடைச் சிரிப்பு. 'ஆஃப் கலர்' என்றால் பச்சை ஜோக், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'ஸ்லாப்ஸ்டிக்' என்றால் அடி, உதை, வழுக்கி விழுதல். பழைய இத்தாலிய நாடகங்களில், இரண்டு மரப்பட்டைகள் சேர்ந்த ஒரு கோலால் அடிப்பார்கள், வலிக்காது, ஆனால் பளாரென்று சத்தம் மட்டும் வரும். அந்தக் கோலின் பெயர்தான் இந்த வகைக்கும் நிலைத்துவிட்டது. வெளிநாட்டு நண்பர் நம்மூர்ப் படக் காமெடி எப்படி இருக்கும் என்று கேட்டால் இந்தச் சொற்கள் உதவும். கவுண்டமணி செந்தில் ஜோடி என்றால் 'அ டபுள் ஆக்ட்', கவுண்டமணியின் வாய் 'இன்சல்ட் காமெடி', விழும் உதை ஸ்லாப்ஸ்டிக். வடிவேலு என்றால் 'ஃபிசிகல் காமெடி', எந்தக் காட்சியிலும் கடைசியில் அடி வாங்குவது அவரே, ஆங்கிலத்தில் சொன்னால் 'ஹீ இஸ் ஆல்வேஸ் தி பட் ஆஃப் தி ஜோக்'.

கடைசியாக, சிலேடை. அங்கே அதன் பெயர் 'பன்', டீக்கடை பன் இல்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருந்தப் பாடிய காளமேகத்தைக் கொண்டாடும் ஊர் நம்முடையது. ஆங்கிலத்திலோ இன்றைக்கு ஒருவர் பன் சொன்னால் கூட்டம் 'க்ரோன்' பண்ணும், வலியில் முனகுவது மாதிரி ஒரு சத்தம். அதுதான் கைத்தட்டல். 'தட்ஸ் டெரிபிள்' என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் பாராட்டுதான். தெரியாமல் சிலேடை விழுந்துவிட்டால் 'நோ பன் இன்டென்டட்' என்பார்கள், தெரிந்தே விழ வைத்துவிட்டும் அதையே சொல்வார்கள்.

மொக்கை ஜோக்குக்கு நம் கல்லூரிகளில் பி.ஜே. என்ற பெயர் உண்டு, புவர் ஜோக்கின் சுருக்கம். இந்தியாவுக்கு வெளியே அது யாருக்கும் புரியாது. அங்கே 'லேம் ஜோக்', 'கார்னி', 'சீஸி', அல்லது அப்பாக்கள் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டுத் தாங்களே சிரிக்கும் வகைக்கு 'டேட் ஜோக்'. நம் கடி ஜோக்குக்கு மிகக் கிட்டத்தில் வருவது டேட் ஜோக்தான், கடியை மட்டும் பைட் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: கலாய்ப்பதும் எல்லையும்

'டீஸ்' என்றால் செல்லமாகச் சீண்டுவது. இந்தியாவில் ஈவ் டீசிங் என்ற சொல்லால் அதற்குக் கெட்ட வாடை வந்துவிட்டது, வெளியே அது பெரும்பாலும் பாசமான சொல். 'மேக் ஃபன் ஆஃப்', 'போக் ஃபன் அட்' என்றால் கேலி, தொனியைப் பொறுத்தது. 'மாக்', 'ரிடிக்யூல்' என்றால் ஏளனம், அதில் பாசம் இல்லை. 'ரோஸ்ட்' என்றால் ஆளை உட்கார வைத்து, அவர் சம்மதத்தோடு வறுத்தெடுப்பது. 'பேன்டர்' என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கலாய்த்துக்கொள்வது. ஒரு பக்கம் மட்டும் பேசி இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டே இருந்தால் அது பேன்டர் இல்லை, சொல்பவர் என்ன பெயர் வைத்தாலும் சரி.

'லாஃபிங் வித்', 'லாஃபிங் அட்' என்ற இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 'வீ ஆர் லாஃபிங் வித் யூ, நாட் அட் யூ' என்றால் உன்னோடு சேர்ந்து சிரிக்கிறோம், உன்னைப் பார்த்து இல்லை. நகைப்பு எதனால் பிறக்கும் என்று எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்லும் தொல்காப்பியமே எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது, ஆக இந்த 'அட்' எல்லா ஊரிலும் உள்ளதுதான். கேலியைத் தாங்கிக்கொள்கிறவரை 'ஷீ கேன் டேக் அ ஜோக்', 'ஷீ இஸ் அ குட் ஸ்போர்ட்' என்பார்கள். எரிந்து விழுகிறவரை 'ஹீ கான்ட் டேக் அ ஜோக்' என்பார்கள். இந்தக் கடைசி வரியைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: வரம்பு மீறிப் பேசியவர்கள் பழியைக் கேட்டவர் மேல் தள்ளிவிட இதைத்தான் எடுப்பார்கள். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் வாயடைத்துப்போக வேண்டாம். 'ஐ கேன் டேக் அ ஜோக், தட் வாசின்ட் ஒன்' என்று அமைதியாகச் சொல்லலாம். அவ்வளவு காரம் வேண்டாம் என்றால் 'ஐ டிடின்ட் ஃபைன்ட் தட் ஃபன்னி' போதும். சாதி, மதம், நிறம், உடம்பு, நம் ஆங்கில உச்சரிப்பு என்று போனால் 'தட்ஸ் அவுட் ஆஃப் லைன்', வரம்பு மீறல். நேரம் சரியில்லாத ஜோக்குக்கு 'டூ சூன்', புண் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். சூழ்நிலை தெரியாமல் உளறும் ஆளைப் பார்த்து 'ரீட் தி ரூம்' என்பார்கள்.

இது வெறும் நாகரிகப் பேச்சு இல்லை, சட்டமும் இருக்கிறது. பிரிட்டனின் 2010 ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் துன்புறுத்தலை நிர்ணயிக்கும்போது சொன்னவரின் நோக்கம் மட்டும் இல்லை, கேட்டவரிடம் அது ஏற்படுத்திய விளைவும் கணக்கில் வரும். 'இட் வாஸ் ஜஸ்ட் பேன்டர்' என்பது தானாகவே காப்பாற்றிவிடாது. இந்தியாவிலும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் விரும்பத்தகாத பாலியல் தொனியுள்ள பேச்சுகள் துன்புறுத்தலாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன, பச்சை ஜோக் அடிக்கும் சீனியர்கள் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

நாமே வம்பில் மாட்டினால்? விளையாட்டாகச் சொன்னது எதிராளியின் முகத்தை மாற்றிவிட்டது என்றால் 'ஐ வாஸ் ஜஸ்ட் ஜோக்கிங்' என்று நிறுத்தாதீர்கள், அது தப்பை அவர் பக்கம் தள்ளுகிறது. 'சாரி, தட் கேம் அவுட் ராங்' என்று முதலில் சொல்லுங்கள். சொல்ல வந்தது வேறு, வந்து விழுந்தது வேறு என்று பொருள். பின்னால் வேண்டுமானால் 'பேட் ஜோக்' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: இப்போது ஜோக் சொல்லலாம்

நம்மூர் ஆங்கிலத்தில் ஜோக்கை 'கட்' பண்ணுவோம், அங்கே 'க்ராக்' பண்ணுவார்கள், இல்லையென்றால் சாதாரணமாக 'டெல்' பண்ணுவார்கள். ஜோக்கின் முன்பகுதி 'செட் அப்', சிரிப்பு வெடிக்கும் கடைசி வரி 'பஞ்ச்லைன்'. தமிழில் பஞ்ச் டயலாக் என்பது ஹீரோ விரலைச் சொடுக்கிப் பேசுவது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே வரியில் முடிவது 'ஒன் லைனர்'. திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு தடவையும் சிரிக்க வைப்பது 'ரன்னிங் கேக்'.

நாக் நாக் ஜோக்கில் கேட்பவருக்கும் வேலை உண்டு, அது தெரியாமல் சும்மா இருந்தால் ஜோக் நின்றுபோகும். எதிரில் இருப்பவர் 'நாக் நாக்' என்றதும் நீங்கள் 'ஹூஸ் தேர்?' என்று கேட்க வேண்டும். அவர் 'லெட்டஸ்' என்பார். நீங்கள் அந்தப் பெயரையே எடுத்து 'லெட்டஸ் ஹூ?' என்று கேட்க வேண்டும். அவர் 'லெட்டஸ் இன், இட்ஸ் கோல்ட் அவுட் ஹியர்!' என்று முடிப்பார். லெட்டஸ் என்ற கீரை, 'லெட் அஸ் இன்' என்ற கெஞ்சலாக மாறிவிட்டது, குளிருகிறது, உள்ளே விடுங்கள் என்று. இப்போது சிரிக்க வேண்டாம், முனகுங்கள்.

ஜோக் எடுபடவில்லை என்றால் 'இட் ஃபெல் ஃப்ளாட்'. மேடையில் மொத்தமும் ஊற்றிக்கொண்டால் 'ஐ பாம்ட்', பின்னிப் பெடலெடுத்தால் 'ஐ கில்ட்'. ஓபன் மைக் முடித்து வந்த நண்பர் 'ஐ கில்ட் டுநைட்' என்றால் வாழ்த்துச் சொல்லுங்கள். யாரும் சிரிக்காதபோது சமாளிக்கும் வரிகளும் தயாராக இருக்கின்றன: கூட்டத்தைப் பார்த்து 'டஃப் க்ரவுட்', அமெரிக்காவில் 'ஐ வில் சீ மைசெல்ஃப் அவுட்', இங்கிலாந்தில் 'ஐ வில் கெட் மை கோட்'. கடைசி இரண்டுக்கும் நானே எழுந்து போய்விடுகிறேன் என்று அர்த்தம். பல சமயம் ஜோக்குக்கு வராத சிரிப்பு இந்த வரிக்கு வந்துவிடும்.

தமிழ் ஜோக்கை மொழிபெயர்த்துச் சொல்லும் ஆசை வரும். சொல் விளையாட்டில் நிற்கும் ஜோக் என்றால் கைவிட்டுவிடுங்கள், விளக்கிச் சொல்லிச் சிரிப்பு வந்ததாகச் சரித்திரம் இல்லை. சம்பவத்தில் நிற்கும் கதை என்றால் தாராளமாகச் சொல்லலாம், மாமியார், எல்.ஐ.சி. ஏஜென்ட், கல்யாணப் பந்தி எல்லாம் எந்த ஊரிலும் எடுபடும்.

பழகுவதற்கு

ஆங்கில சிட்காம் ஏதாவது ஒன்றை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், ஆனால் ஜோக்குகளைக் குறித்துக்கொள்ளாதீர்கள். ஜோக் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'வெரி ஃபன்னி' என்று எரிச்சலாகச் சொல்கிறாரா, 'குட் ஒன்' என்கிறாரா, 'ஹா ஹா' என்று எழுத்துக்கூட்டி இழுத்து நக்கலடிக்கிறாரா என்று கவனியுங்கள். அங்கேதான் நமக்கு வேண்டிய ஆங்கிலம் இருக்கிறது. பார்த்ததை அன்றைக்கே யாரிடமாவது ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லிப் பாருங்கள், எது சிரிப்பாக இருந்தது, ட்ரையா ஸ்லாப்ஸ்டிக்கா, யார் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று.

ஆபீஸிலேயே தொடங்குவது என்றால் மூன்று வரி போதும்: 'தட் வென்ட் ரைட் ஓவர் மை ஹெட்', 'ஆர் யூ புல்லிங் மை லெக்?', 'சாரி, தட் கேம் அவுட் ராங்'. இவை வாயில் தானாக வரும்வரை வேறு எதையும் சேர்க்க வேண்டாம். அதற்குள் யாராவது, உங்கள் ஊர் ஜோக் ஒன்று சொல்லுங்களேன் என்று பிடித்துக்கொண்டால், 'ஐம் டெரிபிள் அட் டெல்லிங் ஜோக்ஸ்' என்று சொல்லி நழுவிவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.